ஏடு காத்தலும் கோப்பு காத்தலும்

(ஏற்காட்டில் கூடிய தமிழன்பர் அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளை ஏறிக் கடந்து இவ் ஏற்காட்டிற்கு வருவோர் ஏரியைக் காண்கின்றனர். குளம்பித் தோட்டங்களைக் காண்கின்றனர். மலைமுடிக் குகைக்கோயிலில் வீற்றிருக்கும் சேர்வராயனையும் காவேரியம்மனையும் வணங்கிச் செல்கின்றனர். ஆனால், இம் மலையில் வாழ்ந்த இருவர் செய்துவைத்த வேலையை நினைப்பார் மிக அரியர். அவ் இருவரும் தமிழரல்லர்; ஆங்கிலேயர். ஆயினும், தேடித் திரட்டிய செய்தியை எங்ஙனம் வைத்துக் காப்பது என்னும் பாடத்தைத் தமிழர் இன்று அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் கல்விப் பணியாற்றியவர். ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தவர். சென்னைக்கு வந்து 1855-இல் தினவர்த்தமானி என்னும் இதழைத் தொடங்கியவர். ஊரார் வாயில் வழங்கிய பழமொழிகளை யாழ்ப்பாணத்தில் இருந்த நாளிலேயே தொகுக்கத் தொடங்கி, 1874-இல் வெளிவந்த பதிப்பில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட பழமொழிகளை எண்ணிட்டு அடுக்கி வைத்தார். 1882-இல் ஏற்காட்டில் மறைந்தார்.

மற்றொருவர் அவருடைய மருமகன் இராபர்ட்டு புரூசு பூட். நிலப்பொதியியல் அளவைத் துறையில் பணியாற்றியவர். 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்து, இம் மண்ணின் மாந்தர் தொன்மையை உலகறியச் செய்தவர். அவ்வாண்டே அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் குடியமர்ந்தார். ஆயிரக்கணக்கான தொல்பொருள்களை அவர் திரட்டினார். சேர்வராயன் மலையிற் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரிகளும் அவற்றுள் அடங்கும். 1904-இல் அத் தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1912-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிவைத்த பொருளடைவு 1914-இலும், அதற்குரிய விளக்கக் குறிப்புகள் 1916-இலும் நூல்களாக வெளிவந்தன.

இங்கே கருத வேண்டுவது ஒன்றுண்டு. கல்லைக் கண்டெடுப்பார் பலர். கண்டெடுத்த கல்லுக்கு எண்ணிட்டு, இன்ன ஊரிற் கிடைத்தது, இன்ன வகையினது என்று எழுதிவைப்பார் சிலரே. எழுதிவைத்தமையாலன்றோ, எழுதியவர் மறைந்து ஈராண்டு கழித்தும் அவருடைய அடைவு அச்சேறிற்று! இடம் குறித்து வைத்தமையாலன்றோ, நூறாண்டு கடந்த பின்னும் ஆய்வாளர் அத்திரம்பாக்கத்திற்குச் சென்று அகழ முடிந்தது! அங்குக் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழைமையின என்று 2011-இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. குறிப்பில்லாத கல் வெறுங்கல்லே. குறிப்போடு கூடிய கல்லோ வரலாறு.

வெள்ளையரைப் போற்றுதற்காக இதனைச் சொல்வதாக எவரும் கருதற்க. செய்தி காக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. ஓலையைப் பதப்படுத்தி, துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டமிட்டுக் கட்டிவைத்தவன் தமிழன். ஏடு நைந்துபோகுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டவன் தமிழன். அங்ஙனம் வழிவழியாகப் பெயர்த்தெழுதியமையாலேயே ஈராயிரம் ஆண்டு இலக்கியம் இன்று கையில் இருக்கின்றது. சொற்களை முதலெழுத்தின்படி அகர வரிசையில் அடுக்கிச் சிதம்பர இரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தது 1594-இல். பெயர்த்தெழுதுவார் இல்லாத ஏடுகளோ செல்லுக்கு இரையாயின. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டன.

சேலத்தார்க்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. சேலம் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் பயிற்றியவர் மொழிஞாயிறு பாவாணர். வாழ்நாள் முழுதும் சொற்களைத் திரட்டியவர். 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநரானார். 1981 சனவரியில் மறைந்தார். முதல் மடலம் அச்சாகி வெளிவந்தது 1985-இல். ஆசிரியர் மறைந்தும் பணி தொடர்ந்ததற்குக் கரணியம், அவர் உழைப்பு அவர் நெஞ்சில் மட்டும் தங்கிவிடாமல் தாளில் இருந்ததே.

இனி இன்றைய நிலைக்கு வருவோம்.

இம் மலையின் தொல்குடியினர் மலையாளிகள் எனப் பெறுகின்றனர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என மயங்குவாரும் உளர். அவர்கள் மலையில் வாழும் தமிழர், பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் முறை, மூலிகையின் பெயரும் பயனும், திருமணப் பாட்டு, இழவுப் பாட்டு, குலதெய்வக் கதை ஆகியவை பெரும்பாலும் முதியோர் நாவிலேயே வாழ்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். மலையூர் இளைஞர் ஒருவர் தம் பாட்டி பாடிய பாட்டைக் கைப்பேசியிற் பதிகின்றார். நல்ல செயல். அப் பதிவிற்குக் கைப்பேசி தானே ஒரு பெயர் சூட்டுகின்றது: ஆங்கில எழுத்துச் சிலவும் நீண்ட எண்ணுமாய் ஒரு பெயர். அதில் பாட்டியின் பெயரில்லை, ஊரில்லை, பாட்டின் பெயருமில்லை. அதன்மேல் நூறு படங்களும் வாழ்த்து அட்டைகளும் வந்து குவிகின்றன. புலனத்தில் உறவினர்க்கு அனுப்புகின்றார். அங்கும் அது நூற்றுள் ஒன்றாய்ப் புதைகின்றது. ஈராண்டில் கைப்பேசி உடைகின்றது, பாட்டியும் மறைகின்றார். பிறகு தேடினால் பாட்டு எங்கே? ஓலையேனும் செல் அரிக்க நூறாண்டு எடுத்துக்கொண்டது. இக் கோப்பு சாக ஈராண்டு போதுமாயிற்று!

"எல்லாம் முகிலில் இருக்கின்றதே, ஏன் அஞ்ச வேண்டும்?" என்பர் சிலர். முகில் என்பது வானில் இல்லை. பிறர் கட்டிடத்தில் பிறர் கணினியில் உள்ள பேழையே முகில். அதன் திறவுகோல் அவர்களிடம் இருக்கின்றது. அவர்கள் கடையை மூடினால் பேழையும் மூடும். சியோசிட்டீசு என்னும் இலவச வலைமனை 2009-இல் பெரும்பாலும் மூடப்பட்டது. கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில் மூடப்பட்டது. தமிழன்பர் பலர் ஆண்டுக்கணக்கில் மொழியாய்வும் இலக்கிய உரையாடலும் நிகழ்த்திய யாகூ குழுமங்கள் 2020 திசம்பரில் முற்றும் நிறுத்தப்பட்டன. தம் மடல்களைத் தம் கணினியில் படியெடுத்து வைத்திருந்தோர் பிழைத்தனர், வையாதோர் இழந்தனர். முகிலைப் பயன்படுத்தற்க என்பதன்று கருத்து. முகிலில் உள்ளது இரண்டாம் படியாக இருக்கட்டும். முதற்படி தன் வீட்டில், தன் கணினியில் இருத்தல் வேண்டும். இணையம் அறுந்தாலும் திறக்கக் கூடியதே தன் கோப்பு.

எனினும், ஒரே இடத்தில் ஒரே படியாக வைப்பதும் பேரிடரே. பெர்சிவல் பணியாற்றிய அதே யாழ்ப்பாணத்தில், 1981 மே 31 இரவு தொடங்கி மூண்ட கொடுந்தீயில் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வேறெங்கும் படியில்லாதவை அன்றோடு உலகை விட்டே போயின. அப் புண்ணிலிருந்து பாடம் கற்ற ஈழத்தமிழர், 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தோற்றுவித்துத் தம் எழுத்துகளைத் திரட்டிவருகின்றனர்.

அங்ஙனமாயின் ஒரு தனித்தமிழன்பர் தம் வீட்டுக் கணினியில் செய்ய வேண்டுவன யாவை? அவற்றை முறையே காண்போம்.

முதலாவது, தமிழைத் தமிழாகவே உள்ளிடுதல். ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழை வரவழைக்கும் முறை எண்ணத்தையே ஆங்கிலத்தின் வழியாக ஓட்டுகின்றது. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' என வரும். தமிழின் இயல்பறிந்து அமைத்த பலகை அது. சில கிழமைப் பயிற்சியில் கைவந்துவிடும்.

இரண்டாவது, ஒருங்குறியில் எழுதுதல். முன்னாளில் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தமிழெழுத்தை வெவ்வேறு எண்ணில் ஏற்றிவைத்தன. அவ் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், கம்பன் பாட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தோன்றும். அத்தகைய கோப்புகளைப் பரணில் போட்டுவைத்திருப்போர் இன்னும் பலர். மாற்றிச் செயலிகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதியவர் உயிரோடிருக்கும்போதே மாற்றிப் பிழை திருத்துதல் நன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை முதலில் வேறு குறியேற்றத்தில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிற்று. நைந்த ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய பழந்தமிழ் வழக்கமே அது.

ஒருங்குறியில் தமிழுக்கு நேர்ந்த குறையையும் மறைக்க வேண்டுவதில்லை. 128 இடங்களே உள்ள ஒரு கட்டத்தில் தமிழை அடக்கினர். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தந்திலர். எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஒருங்குறியோடு சேர்த்து 2010 சூனில் தமிழக அரசு ஏற்றது. ஆயினும் உலகெங்கும் எக் கணினியிலும் திறப்பது ஒருங்குறியே. எனவே அதனைக் கையாண்டு, அதன் இடர்களை அறிந்து விலகிக்கொள்வதே அறிவுடைமை.

அவ் இடர்கள் மூன்று. 'கொ' என்பதன் கொக்கியையும் காலையும் ஒரே குறியாகவும் இடலாம். தனித்தனி இரு குறியாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில செயலிகளின் தேடலுக்கோ வெவ்வேறு. 'ஔ' என்பதை ஒகரமும் ளகரமுமாக அடிப்போர்க்கும் இதே தொல்லை. ஒளவையைத் தேடினால் ஔவை அகப்படாள்! நல்ல விசைப்பலகையைக் கொண்டு எப்போதும் ஒரே முறையில் உள்ளிட்டால் இவ் இடர் நீங்கும். அடுத்தது அகர வரிசை. ஒருங்குறியின் எண்வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. தொல்காப்பிய நெறியில் ழகர ளகர றகர னகரம் இறுதியில் நிற்பன. கணினியின் மொழியமைப்பைத் தமிழென்று வைத்தால் பெரும்பாலான செயலிகள் தமிழ் வரிசையிலேயே அடுக்கும்; வையாதவிடத்துக் குழப்பும். மூன்றாவது பெயரின் நீளம். இலினக்சு கணினிகளில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 எண்ணுண்மி இடம் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று கொள்ளும். 'கோ' என்னும் ஓரெழுத்துக்கே ஆறு. ஆகவே தமிழ்ப் பெயர் 85 குறிக்குள் அடங்குதல் வேண்டும். இது பெருங்குறையன்று. பெயர் சுருங்கச் சொல்லி விளங்க வைப்பதாய் இருக்கட்டும்!

மூன்றாவது, பெயரிடும் முறை. ஆண்டு, திங்கள், நாள் என்னும் முறையில் எண்ணை முன்வைத்து, அதன்பின் ஊரும் பொருளும் எழுதுக. "2024-05-12 தாலாட்டு" என்று பெயரிட்டு ஊர்ப்பெயரையும் சேர்த்தால், எக் கணினியும் கால வரிசையில் தானே அடுக்கிவிடும். மேற்சொன்ன அகரவரிசைக் குழப்பமும் இங்கே தலைகாட்டாது. "புதியது", "புதியது இரண்டு", "கடைசி", "கடைசியிலும் கடைசி" என்று பெயரிடுவோர் பின்னர்த் தம்மையே நொந்துகொள்வர்.

நான்காவது, கோப்புறை. பத்து அறைக்குள் பத்து அறை கட்டி, எதில் எதை வைத்தோம் என்று திகைக்க வேண்டா. குடும்பம், நிலமும் வீடும், கல்வி, பாட்டும் கதையும், கடிதம் என்று ஐந்தாறு உறைகள் போதும். பட்டாவும் மருத்துவச் சீட்டும் பாட்டோடு கலத்தல் கூடாது. பிறர் காணத்தகாத கோப்புகளுக்குக் கடவுச்சொல் இடுக. ஆனால், அக் கடவுச்சொல்லை நம்பிக்கையான ஒருவர் அறியுமாறு உறையிலிட்டுத் தாளில் எழுதிவைக்க. உரியவர் மறைந்தபின் மனைவி மக்கள் திறக்க முடியாமல் கிடக்கும் பேழைகள் இன்று பெருகிவருகின்றன.

ஐந்தாவது, அடைவு. பூட் செய்தது இதுவே. ஒரு வெற்று எழுத்துக் கோப்பு, அல்லது ஓர் அட்டவணை. அதில் வரிசை எண், நாள், ஊர், சொன்னவர் பெயர், பதிந்தவர் பெயர், பொருள், கோப்பின் பெயர். அவ்வளவே. வெற்று எழுத்துக் கோப்பை எந்நாளும் எக் கருவியும் திறக்கும். ஒரு நிறுவனத்தின் செயலி இருந்தாலன்றித் திறவாத கோப்போ, அந் நிறுவனத்தோடு மடியும். இலிபிரெ ஆபீசு என்னும் திறமூலத் தொகுதி இலவசமாகக் கிடைக்கின்றது. அதன் பட்டிகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். பழைய தாள்களை வருடி எடுத்த படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கத் தெசராக்ட்டு என்னும் எழுத்துணரி தமிழுக்கும் பயன்படுகின்றது. இவையிரண்டும் இணையமின்றி வீட்டுக் கணினியிலேயே இயங்குவன. எழுத்துணரி பிழை செய்யும். தமிழறிந்த கண்ணால் திருத்துதல் இன்றியமையாதது.

ஆறாவது, படியெடுத்தல். மூன்று படிகள், இரு வேறு கருவிகள், அவற்றுள் ஒன்று வேற்றூரில். வீட்டுக் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, சேலத்திலோ ஈரோட்டிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒன்று. விரலியை மட்டும் நம்புதல் தகாது. மின்னூட்டமின்றி நெடுங்காலம் கிடந்தால் அதிலுள்ள செய்தி அழியலாம். வன்தட்டும் ஒருநாள் நிற்கும். ஆகவே ஆண்டுக்கொரு முறை எல்லாப் படிகளையும் திறந்து பார்த்தலும், சில ஆண்டுக்கொரு முறை புதிய கருவிக்குப் பெயர்த்தலும் வேண்டும். அதற்கொரு நாளும் குறித்துக்கொள்ளலாம். முன்னோர் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட அதே ஆடிப்பெருக்கு நாளைக் கோப்பு பெயர்க்கும் நாளாகக் கொள்வது பொருத்தமன்றோ! இழந்த நாள் இனிக் காக்கும் நாளாகட்டும்.

"கோப்புக்குத் தமிழில் பெயரிடுவதால் என்ன ஆகப்போகின்றது? ஆங்கிலத்தில் இட்டால் கணினி கேட்காதா?" என்று வினவும் இளைஞர்க்கும் ஒரு மறுமொழி. கணினி கேட்கும், ஐயமில்லை. ஆனால் நாள்தோறும் தேடும் பொருளைத் தாய்மொழியிற் பெயர் சொல்லித் தேடாதவன், சிறிது சிறிதாக அப் பெயரையே மறக்கின்றான். கோப்பு, உறை, அடைவு, படி, தேடல், கடவுச்சொல் என்னும் சொற்கள் அகரமுதலியில் அடைபட்டுக் கிடந்தால் அவை பிணங்கள். வீட்டுக் கணினியில் நாள்தோறும் புழங்கினால் அவை உயிர்கள். மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு, வீட்டுக் கணினியில் ஆங்கிலத்திற்குக் குடியிருப்பு அளிப்பது தகுமா?

இன்னொரு செய்தி. மலைக்குடியினர் மூலிகை அறிவும் வழிபாட்டுப் பாட்டும் அவர்களுடைய உடைமை. பதிந்தவுடன் வலையொளியில் ஏற்றிவிடுதல் தொண்டன்று. சொன்னவரைக் கேட்டு, அவர் இசைந்ததை மட்டும் வெளியிடுக; இசையாததை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் வீட்டுப் பேழையிலேயே காத்து வைக்க உதவுக. தன் கருவியில் தன் கோப்பு என்னும் நெறி இதற்கும் அரண் செய்கின்றது. பதிவின் ஒரு படியைப் பாடியவர் குடும்பத்திற்குக் கொடாமல் எடுத்துச் செல்லுதல், பறித்துச் செல்லுதலே ஆகும்.

பெருமக்களே! பெர்சிவலுக்குக் கணினியில்லை, பூட்டுக்கும் இருந்ததில்லை. தாளும் மையும் பொறுமையும் கொண்டு அவர்கள் இம் மண்ணின் செல்வத்திற்கு அடைவு செய்தனர். பாவாணர்க்கும் எழுதுகோலே படைக்கலம். இன்று ஒவ்வொரு தமிழன் சட்டைப்பையிலும் ஒலி, ஒளி, எழுத்து மூன்றையும் பதியும் கருவி இருக்கின்றது. இருந்தும் பதிந்தது நிற்கவில்லையெனின், குறை கருவியில் இல்லை. பெயரிடாமையிலும் அடைவு செய்யாமையிலும் படியெடாமையிலுமே இருக்கின்றது.

இன்றிரவு இங்கிருந்து வீடு செல்லும் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்க. கைப்பேசியில் உள்ள பதிவுகளுள் இழக்கலாகாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதற்குத் தமிழிற் பெயரிடுக. யார், எவ்வூர், எந்நாள் என்று ஒரு வரி எழுதுக. வீட்டுக் கணினியில் ஒரு படியும் வேற்றூரில் ஒரு படியும் வைக்க. நாளை இரண்டாவதை எடுக்க. முதியோர் உள்ள வீட்டார், பதியாத பாட்டை இக் கிழமையே பதிக. பாட்டி காத்திருப்பார், காலம் காத்திராது.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் முயற்சி!